பதுங்குகுழியிலிருந்து வந்தவனும் என் வலது காலும்

வலி தெரிந்திருந்தால் இதை எழுத வேண்டிய நிலையே எனக்கு வந்திருக்காது.

ஆகஸ்ட் மாதம், ஹூஸ்டனுக்குத் தெற்கே ஒரு கோவிலில், நடுப்பகலில் வெறுங்காலோடு பிராகாரத்தை மூன்று சுற்றுச் சுற்றினேன். கூட வந்தவர்கள் முதல் சுற்றிலேயே கால் சுடுகிறது என்று தாவித் தாவி நிழலுக்கு ஓடிவிட்டார்கள். நான் நிதானமாக நடந்தேன். "வசந்திக்கு எவ்வளவு பக்தி பாருங்க" என்று ஒரு ஆன்ட்டி என் கணவர் சண்முகத்திடம் சொன்னார். அது பக்தி இல்லை. எனக்குச் சூடே தெரியவில்லை.

எனக்குப் பதினேழு வருடமாகச் சர்க்கரை. மகள் மீரா வயிற்றில் இருந்தபோது வந்தது, அவள் பிறந்த பிறகும் போகவில்லை. சர்க்கரை நீண்ட நாள் இருந்தால் கால் நரம்புகள் கொஞ்சம் கொஞ்சமாகச் செயலிழந்துவிடும். சூடு, முள், செருப்புக்குள் கிடக்கும் கல் எதுவுமே மூளைக்குப் போய்ச் சேராது. இதற்கு நியூரோபதி என்று பெயர். தினமும் பாதத்தைப் பாருங்கள் என்று டாக்டர் ஒவ்வொரு முறையும் சொல்வார். நானும் தலையாட்டிவிட்டு வருவேன்.

மறுநாள் குளியலறைத் தரையில் ஈரமான ஒரு திட்டு இருந்தது. வலது காலின் இரண்டாவது விரலுக்கு அடியில் கொப்புளம் உடைந்திருந்தது. களிம்பு தடவி, பேண்டேஜ் ஒட்டி, சாக்ஸ் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனேன். ஆபீசில் சாஃப்ட்வேர் ரிலீஸ் நேரம். வீட்டில் சொன்னால் சண்முகம் திட்டுவார். இந்த இரண்டு காரணங்களை வைத்துக்கொண்டு மூன்று வாரம் ஓட்டினேன். கடைசியில் மீராதான் கண்டுபிடித்தாள். பள்ளிக்கு அழைத்துப் போகும்போது கார் ஜன்னலை இறக்கிவிட்டு, "அம்மா, சம்திங் ஸ்மெல்ஸ். இட்ஸ் நாட் த கார்" என்றாள்.

எமர்ஜென்சியில் நான்கு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். பக்கத்தில் இருமுகிற ஒருவர், எதிரே தூங்குகிற ஒருவர், சத்தமில்லாமல் ஓடும் டிவி. சண்முகம் பொள்ளாச்சிக்காரர். கோபம் வந்தால் கத்துவார். கத்தாமல் இருந்ததுதான் எனக்குப் பயமாக இருந்தது. எக்ஸ்ரே எடுத்தார்கள், எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். பாத டாக்டர், என் வயதுப் பெண்மணி, மெல்லிய உலோகக் குச்சி ஒன்றைப் புண்ணுக்குள் விட்டுப் பார்த்தார். எனக்கு வலிக்கவில்லை. அவர் முகம்தான் மாறியது.

"எலும்பு தட்டுப்படுகிறது" என்றார்.

எலும்புக்குள் கிருமி போய்விட்டால் அதற்கு ஆஸ்டியோமைலைட்டிஸ் என்று பெயர். எலும்புக்கு ரத்த ஓட்டம் குறைவு. மருந்து அங்கே போய்ச் சேரவே கஷ்டப்படும். இரண்டு நாள் கழித்து அந்த விரலை எடுத்தார்கள். அதோடு முடியவில்லை. "புண் மூடவில்லை என்றால் முழங்காலுக்குக் கீழே எடுப்பதைப் பற்றிப் பேச வேண்டியிருக்கும். இப்போதே சொல்லிவிடுகிறேன்" என்றார் டாக்டர். அவர் போன பிறகு சண்முகம் என் போர்வையைச் சரிசெய்தார். சரியாக இருந்த போர்வை. மறுபடியும் சரிசெய்தார்.

பத்து நாள் படுக்கை. எனக்குச் சும்மா இருக்கத் தெரியாது. கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்துவேன், இறக்குவேன். லேப்டாப் கேட்பேன், கொடுத்தால் மூடிவைப்பேன். கையில் பிக் லைன் என்று நீளமான ஒரு குழாயைப் போட்டிருந்தார்கள். அது முழங்கைக்கு மேலே நுழைந்து இதயத்துக்குப் பக்கம் வரை போகும். அதன் வழியாகத்தான் ஆன்டிபயாடிக். அந்தக் குழாய்க்குப் பயந்து புரண்டு படுக்க முடியாது. படுக்காமல் இருக்கவும் முடியாது.

வீட்டுக்கு அனுப்பும்போது புதிதாக ஒன்றைச் சொன்னார்கள். ஹைப்பர்பாரிக் ஆக்சிஜன். கண்ணாடி மாதிரித் தெரியும் தடித்த பிளாஸ்டிக் குழாய்க்குள் நம்மைப் படுக்கவைத்து, கதவைப் பூட்டி, உள்ளே சுத்தமான ஆக்சிஜனை அழுத்தமாக நிரப்புவார்கள். அந்த அழுத்தத்தில் ரத்தம் வழக்கத்தைவிட அதிக ஆக்சிஜனைப் புண்வரை தூக்கிப் போகும். வாரத்துக்கு ஐந்து நாள், நாளுக்கு இரண்டு மணி நேரம், மொத்தம் நாற்பது முறை. இன்ஷூரன்ஸ் அனுமதி வர ஒன்பது நாள் ஆனது. அந்த ஒன்பது நாளும் நான் வாசலுக்கும் ஃபோனுக்கும் நடுவே வாக்கரைத் தள்ளிக்கொண்டே திரிந்தேன்.

அந்தக் குழாய்க்குள் தீப்பொறி பட்டால் அவ்வளவுதான். அதனால் விதிகள் அதிகம். தலையில் எண்ணெய் கூடாது, ஸ்டிக்கர் பொட்டு கூடாது, ஃபோன் கூடாது, பருத்தி தவிர வேறு துணி கூடாது, உலோகம் கூடாது. முதல் நாள் தாலிக்கொடியைக் கழற்றிச் சண்முகத்தின் சட்டைப்பையில் போட்டேன். அன்று மாலை அவர் ஹில்கிராஃப்ட் இந்தியக் கடைத்தெரு வரை போய் மஞ்சள் கயிறும் விரலி மஞ்சளும் வாங்கி வந்தார். "பருத்தி நூல்தானே, கேட்டுப் பாரு" என்றார். மறுநாள், குழாயை இயக்கும் மரிசா கயிற்றைத் தொட்டுப் பார்த்தாள். பிலிப்பைன்ஸ்காரி, சிரித்த முகம். மேலதிகாரியிடம் போய்க் கேட்டுவிட்டு வந்து, "நூறு சதவீதம் பருத்தி. இருக்கட்டும், மிஸ் வசந்தி" என்றாள்.

மூன்றாவது நாள் எனக்கு மூச்சு முட்டியது. உண்மையில் முட்டவில்லை, முட்டியதாக மனசு சொன்னது. வெளியே விடு என்று இன்டர்காமில் கத்தினேன். உடனே விட முடியாது. அழுத்தத்தை மெதுவாகத்தான் குறைக்க வேண்டும். அந்தப் பத்துப் பன்னிரண்டு நிமிடமும் மரிசா குழாயின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றாள். வெளியே வந்ததும் இனி வரமாட்டேன் என்றேன். மறுநாள் வந்தேன். காலை இழக்கும் பயம் அதைவிடப் பெரிது.

ஒன்பதாவது நாள்தான் தராஸ் வந்தான்.

அந்த அறையில் இரண்டு குழாய்கள் பக்கம் பக்கமாக இருந்தன. இரண்டாவதற்கு அவன். இருபத்தொன்பது வயது உக்ரைன்காரன். போர் தொடங்கும்வரை குளியலறைகளுக்கு டைல்ஸ் ஒட்டும் வேலை பார்த்தவன். குண்டுத் துண்டு பட்டு இடது கணுக்காலுக்கு மேல் எலும்பு சிதறி, அங்கே ஆறு ஆபரேஷன் ஆகியும் கிருமி போகவில்லை. ஒரு தொண்டு நிறுவனம் அவனை இங்கே அனுப்பியிருந்தது. அவனுடைய ஆங்கிலம் துண்டு துண்டாக இருக்கும். அப்படியே தமிழில் எழுதுகிறேன்.

பருத்தி கவுனில், போர்வை போர்த்திக்கொண்டு, ரத்தச் சர்க்கரை பார்ப்பதற்காகக் காத்திருந்தேன். அவன் என் கட்டைப் பார்த்தான்.

"குண்டா?"

"இல்லை. கோவில்."

அவனுக்குப் புரியவில்லை. சூடு தெரியாமல் நடந்ததைச் சொன்னேன். உடனே புரிந்துகொண்டான். வலது காலின் போர்வையை விலக்கிக் காட்டினான். இரண்டு சின்ன விரல்கள் இல்லை.

"இது குண்டு இல்லை. தண்ணீர்" என்றான்.

ட்ரெஞ்ச் ஃபுட் என்று அதற்குப் பெயர். தண்ணீர் உறையாத குளிரில், ஈரமான பூட்ஸுக்குள் கால் நாள்கணக்கில் ஊறினால் ரத்தக் குழாய்கள் சுருங்கிவிடும். கால் வெளுக்கும், மரத்துப்போகும், பிறகு சதை அழுகும். "முதலில் வலிக்கும். அது நல்லது. வலி நின்றால் மிகோலா திட்டுவான்" என்றான். மிகோலா போர்முனையில் அவனுடைய பதுங்குகுழியில் இருந்தவன், ஐம்பத்திரண்டு வயது பஸ் டிரைவர்.

அன்று இருவரும் உள்ளே போனோம். என் கதவு முதலில் மூடியது. அவனுடைய கதவு மூடிக் காற்று ஏறத் தொடங்கியதும் நான் தலையைத் திருப்பிப் பார்த்தேன். அவன் வாய் திறந்திருந்தது. இரண்டு கைகளாலும் மேலே அடித்துக்கொண்டிருந்தான். எனக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லை. குழாய்க்கு மேலே தொங்கிய டிவியில் யாரோ கேக் செய்துகொண்டிருந்தார்கள். மரிசா ஓடினாள், அழுத்தம் இன்னும் ஏறாததால் கதவு உடனே திறந்தது, அவன் தவழ்ந்து இறங்கிச் சுவரோரம் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்தான். முழங்காலைக் கட்டிக்கொண்டான். நான் உள்ளேயிருந்து இரண்டு மணி நேரம் அந்தச் சுவரையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன். அவனைக் கூட்டிப்போன பிறகும் பார்த்தேன்.

அடுத்த நாள் அவன் வந்தான், ஆனால் குழாய்க்குப் பக்கத்தில் வரவில்லை. அதற்கடுத்த நாளும் அப்படியே. மூன்றாவது நாளும் இப்படியானால் அவனுடைய இடத்தை வேறு நோயாளிக்குக் கொடுத்துவிடுவார்கள் என்று மரிசா என்னிடம் மெல்லச் சொன்னாள். நான் அவன் பக்கத்தில் வாக்கரை நிறுத்திவிட்டு உட்கார்ந்தேன். எனக்கும் மூன்றாவது நாள் இப்படி ஆனது என்றேன். பிறகு பேச ஆரம்பித்தான்.

அவர்களுடைய குழி இரண்டு பேர் படுக்கும் அளவு. மேலே மரக்கட்டைகள், அதன் மேல் மண். மழை பெய்தால் தரை கூழாகிவிடும். பலகைகளைப் போட்டால் பலகைகள் மிதக்கும். பிளாஸ்டிக் கேனை வெட்டித் தண்ணீரை இறைப்பார்கள், காலையில் மறுபடி நிறைந்திருக்கும். பத்து நாள் என்று சொல்லி அனுப்பினார்கள். நாற்பது நாளுக்கு மேல் இருந்தார்கள். மாற்று ஆட்கள் வர முடியவில்லை. தலைக்கு மேல் எப்போதும் டிரோன். மூடுபனி இருந்தால்தான் நிமிர்ந்து நடக்கலாம். குடிக்கிற தண்ணீரும் டிரோனில்தான் வரும். பாட்டில் சில சமயம் விழுந்து உடையும். அப்போது மழைத் தண்ணீரைக் காய்ச்சிக் குடிப்பார்கள்.

"காய்ச்ச அடுப்பு?" என்று கேட்டேன்.

"டின். உள்ளே அட்டை, மெழுகு. பற்றவை. கொஞ்சம் வெளிச்சம், கொஞ்சம் சூடு. நிறையப் புகை. துப்பினால் கறுப்பு."

குளிப்பது கிடையாது, ஈரத்தாளால் துடைத்துக்கொள்வதுதான். மலம் கழிக்கப் பிளாஸ்டிக் பை. எலிகள் கூட்டம் கூட்டமாக வரும். ரொட்டியைத் தின்னும், சார்ஜர் ஒயரைத் தின்னும், தூங்கும்போது சட்டைக் கைக்குள் நுழையும். ஒரு பூனை தானாக வந்து சேர்ந்தது. அது எலி பிடித்ததைவிட அவர்கள் கால்மேல் படுத்துத் தூங்கியது அதிகம். அதற்கு டாக்டர் என்று பெயர் வைத்தார்களாம். ஆளுக்கு இரண்டு ஜோடி சாக்ஸ். ஒன்று காலில், இன்னொன்று சட்டைக்குள் வயிற்றோடு ஒட்டி. உடம்புச் சூட்டில்தான் காயும். தினமும் காலையில் மிகோலா இவன் காலைப் பார்ப்பான், இவன் மிகோலாவின் காலைப் பார்ப்பான், தேய்த்துவிடுவார்கள். அது மேலதிகாரியின் கட்டளை. கட்டளை இல்லாவிட்டாலும் மிகோலா விடமாட்டான்.

பிறகு ஒரு நாள் குழியின்மேல் குண்டு விழுந்து கூரை இறங்கிவிட்டது. இரண்டு பேரும் மண்ணுக்கடியில். துண்டு பட்டுச் சிதறிய இவன் இடது கால் கட்டைக்கடியில் மாட்டிக்கொண்டது. தோண்டி எடுக்க நான்கு மணி நேரம் ஆனது.

"முதல் ஒரு மணி நேரம் மிகோலா பேசினான். பஸ் பற்றி. அவனுடைய ரூட், ஒவ்வொரு நிறுத்தம். பிறகு பேசவில்லை." தராஸ் குழாயைக் கை காட்டினான். "அதற்குள் அதே சத்தம். காற்று உள்ளே வரும் சத்தம். பக்கத்தில் யாரும் பேசவில்லை."

அவன் கடைசியில் சொன்னதைப் பிடித்துக்கொண்டேன். மரிசாவைக் கூப்பிட்டேன். டிவியை அணைத்துவிடுங்கள், அவன் முகம் என் பக்கம் இருக்குமாறு தலையணையை வையுங்கள், காற்றை இன்னும் மெதுவாக ஏற்றுங்கள் என்றேன். ஆபீசில் பதினைந்து பேரை வேலை வாங்கிப் பழகிய குரலில் சொன்னேன். மெதுவாக ஏற்ற டாக்டரிடம் கேட்க வேண்டும் என்றாள். கேட்டுவிட்டு வந்தாள்.

"நீ பேசு" என்றேன் தராஸிடம். "நானும் பேசுகிறேன். கேட்காது. பரவாயில்லை."

நான் முதலில் போனேன். அவன் கதவருகில் நின்று சிலுவைக் குறி போட்டுக்கொண்டு படுத்தான். கதவு மூடியது. அவன் கண் அகன்றது. நான் பேச ஆரம்பித்தேன். தமிழில். எந்த மொழியானாலும் ஒன்றுதானே. ஆபீஸ் ரிலீஸ் பற்றி, என் மேனேஜர் என்னைக் கேட்காமல் என் வேலையை இன்னொருத்தருக்குக் கொடுத்தது பற்றி, மீராவின் காலேஜ் விண்ணப்பக் கட்டுரை பற்றி, ஊரில் என் தம்பி நிலத்தை விற்க நினைப்பது பற்றி. அவன் உதடும் அசைந்தது. அவன் கை ஒரு தடவை மேலே போனது, பிறகு இறங்கியது. இரண்டு மணி நேரம். வெளியே வந்தபோது எனக்குத் தொண்டை கட்டியிருந்தது.

"நிறையப் பேசினாய்" என்றான். "யார் மேலேயோ கோபம்."

"என் மேனேஜர்."

"நல்ல கோபம்" என்றான்.

அன்றிலிருந்து தினமும் அப்படித்தான். அவன் என்ன பேசினான் என்று நான் கேட்டதில்லை. பஸ் நிறுத்தங்களாக இருக்கலாம்.

ஒரு நாள் காத்திருக்கும்போது அவன் கேட்டான். "வீட்டில் உன் காலை யார் பார்க்கிறார்?"

"நர்ஸ் வருவாள். வாரம் மூன்று முறை."

"மற்ற நாள்?"

மற்ற நாள்களில் நானேதான். கட்டு மாற்றும்போது அறைக் கதவைச் சாத்திக்கொள்வேன். சண்முகத்தை உள்ளே விட்டதில்லை. விரல் இல்லாத அந்த இடத்தை அவர் பார்ப்பதை என்னால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

"மிகோலாவின் கால் நாறும்" என்றான் தராஸ். "என் கால் ரொம்ப நாறும். தினமும் பார்த்தோம்."

அன்று சாயங்காலம் சோபாவில் உட்கார்ந்து, "ஏங்க, கொஞ்சம் இதப் பாக்கறீங்களா" என்று காலை நீட்டினேன். சண்முகம் ஃபோனை வைத்துவிட்டுக் கீழே உட்கார்ந்தார்.

"டார்ச் எடுத்துட்டு வர்றேன், இரு" என்றார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். பிறகு நான் சொல்லாமலே இடது காலையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"இத்தன நாளா ஏன் காட்டல?"

"அசிங்கமா இருக்கும்னு."

"கல்யாணமாகி இருபத்திரெண்டு வருசமாச்சு. உன்ற கால்ல எனக்கென்ன அசிங்கம்?" என்றவர் சட்டென்று நிறுத்தினார். "இங்க பாரு. இந்தக் குதிகால்ல செவப்பா இருக்கு. இது எப்ப வந்துச்சு?"

எனக்குத் தெரியாது. வலது காலைக் காப்பாற்ற இடது காலில் பாரம் போட்டு நடந்ததில் அங்கே அழுத்தப் புண் தொடங்கியிருந்தது. தோல் இன்னும் உடையவில்லை. அப்போதே படம் எடுத்து டாக்டருக்கு அனுப்பினார். மறுநாளே குதிகாலுக்கு மெத்தை வைத்த காலணி கொடுத்தார்கள். "இன்னும் ஒரு வாரம் விட்டிருந்தால் இரண்டு காலைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்போம்" என்றார் டாக்டர். காரில் சண்முகம் கியருக்குப் பக்கத்தில் இருந்த என் கையைப் பிடித்துக்கொண்டார், சிக்னல் மாறிய பிறகும் விடவில்லை.

எனக்கு முப்பத்தைந்தாவது முறை. தராஸ் கவுனுக்கு மாறாமல் சட்டை பேன்ட்டோடு உட்கார்ந்திருந்தான்.

"முடிந்தது" என்றான். "எலும்பில் இன்னும் கிருமி. டாக்டர் சொல்கிறார், இன்னும் இரண்டு ஆபரேஷன், ஒரு வருடம். அல்லது முழங்காலுக்குக் கீழே எடு. நான் எடுக்கச் சொன்னேன்."

எனக்குக் கோபம் வந்தது. "உனக்கு இன்னும் எத்தனையோ நாள் பாக்கி இருக்கிறது. நாற்பதுகூட முடிக்கவில்லை. அதற்குள் எப்படி?" என்று சத்தம் போட்டேன். மரிசா திரும்பிப் பார்த்தாள்.

"வசந்தி, இரண்டு வருடம் படுக்கை. எனக்கு டைல் ஒட்ட வேண்டும். முட்டி போட வேண்டும். இந்தக் கால் விடாது. புதுக்கால் விடும் என்கிறார்கள்."

அவனுக்காகக் கோபப்படவில்லை என்பது குழாய்க்குள் படுத்த பிறகுதான் உறைத்தது. அவன் காலே போகிறதென்றால் என் கால் எந்த மூலைக்கு என்ற பயம். பக்கத்துக் குழாய் காலியாக இருந்தது. அன்று நான் எதுவும் பேசவில்லை. இரண்டு தடவை மணி கேட்டேன் இன்டர்காமில்.

ஆபரேஷன் முடிந்த நான்காம் நாள் சண்முகமும் நானும் எலுமிச்சை சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் எடுத்துக்கொண்டு பார்க்கப் போனோம். காரம் அதிகம் என்று எச்சரித்தோம். முழுவதையும் சாப்பிட்டுவிட்டுத் தண்ணீர் கேட்டான். நான் சத்தம் போட்டதற்கு மன்னிப்புக் கேட்டேன். "நல்ல கோபம் இல்லை அது, பயந்த கோபம்" என்றான். கண்டுபிடித்திருக்கிறான்.

நாற்பதாவது முறை முடிந்தபோது என் புண் பருப்பு அளவுக்கு வந்திருந்தது. இன்னும் ஐந்து வாரத்தில் மூடியது. இனி வாழ்நாள் முழுக்க அளவெடுத்துச் செய்த காலணிதான், வெறுங்காலோடு ஒரு அடிகூடக் கூடாது. கோவிலுக்கும் காலணிமேல் உறை போட்டுக்கொண்டுதான் போகிறேன். திரும்ப வராது என்று எந்த டாக்டரும் சொல்லவில்லை. ஒரு நாளைக்கு ஐந்து தடவை குனிந்து பார்க்கிறேன். மீட்டிங் நடுவில் சந்தேகம் வந்தால் கேமராவை அணைத்துவிட்டு சாக்ஸைக் கழற்றுகிறேன். மீரா காலேஜிலிருந்து மெசேஜ் அனுப்புகிறாள்: "ஃபீட் செக்?" நான் உயர்த்திய கட்டைவிரல் படம் அனுப்புகிறேன். இந்தத் தவிப்பு இனி என்னோடுதான் இருக்கும்.

போன மாதம் தராஸ் ஒரு வீடியோ அனுப்பினான். எழுத்து எதுவும் இல்லை. அவன் ஊரில் ஒரு பழைய அடுக்குமாடிக் கட்டிடத்தின் படிக்கட்டு. மின்சாரம் இல்லை போலிருக்கிறது, லிஃப்ட் இருட்டாக நின்றது. யாரோ பின்னால் ஏறிக்கொண்டே படம் எடுக்கிறார்கள். அவன் கைப்பிடியைப் பிடித்துப் புதுக்காலோடு ஏறுகிறான். ஒவ்வொரு தளத்திலும் நின்று மூச்சு வாங்குகிறான். நான்காவது தளத்தில் கதவைத் தட்டுகிறான். அவன் அம்மா திறக்கிறார். கையெல்லாம் மாவு. மாவுக் கையோடு அவன் கன்னத்தைப் பிடிக்கிறார், பிறகு படபடவென்று ஏதோ திட்டுகிறார். சொல்லாமல் வந்ததற்காக இருக்கும். அவன் ஒரே ஒரு வார்த்தை சொல்கிறான், எனக்குப் புரியவில்லை. அவர் உள்ளே ஓடி ஒரு நாற்காலியைத் தூக்கி வந்து வாசலிலேயே, அவனுக்கு முன்னால் போட்டு, உட்கார் என்று கை காட்டுகிறார்.

அவன் உட்காரவில்லை. நாற்காலியைச் சுற்றிக்கொண்டு வீட்டுக்குள் நடந்து போகிறான். அம்மா நாற்காலியைத் தூக்கிக்கொண்டு அவன் பின்னாலேயே போகிறார்.